திங்கட்கிழமை யார் கூடப் போவது?

பிரியா அக்கா: எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தனித்தனியாகப் போன் செய்யாதீர்கள். அப்பாவுக்கு ஆபரேஷனில் எடுத்த குடல் துண்டின் ரிப்போர்ட் வந்துவிட்டது. கூட எடுத்த 18 நிணநீர் முடிச்சுகளில் 2-இல் புற்றுநோய் இருக்கிறதாம். அதனால் மூன்றாம் கட்டம். ஈரல், நுரையீரலுக்குப் போகவில்லை. திங்கள் முதல் கீமோ. முதல் நாள் டிரிப்ஸ், 14 நாள் மாத்திரை, அப்புறம் 7 நாள் இடைவெளி. இது ஒரு சுற்று, இப்படி 4. திங்கள் எனக்கு லீவு கிடைக்கவில்லை, யாராவது அப்பாகூடப் போகவேண்டும்.

கலா அத்தை: ஐயோ

கலா அத்தை: மலம் போக வயிற்றில் பை வைத்திருக்கிறார்களா

பிரியா அக்கா: இல்லை அத்தை. இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

சித்தப்பா: (ஃபார்வர்டு வீடியோ)

மதன்: மறுபடியுமா சித்தப்பா

பிரியா அக்கா: டாக்டரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் கிடையாது சித்தப்பா. மாத்திரையோடு சேராமல் போனால் யார் பார்ப்பது?

சித்தப்பா: பார்க்கத்தானே அனுப்பினேன்

பெரியப்பா: நானும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன்.

கலா அத்தை: அண்ணா தூங்கவில்லையா

பெரியப்பா: நீங்கள் விட்டால்தானே.

பிரியா அக்கா: பார்க்க வருகிறவர்கள் கவனிக்கவும். டிரிப்ஸ் ஏறியபின் சில நாள் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜுக்குள் கை விட்டாலே விரல் நுனி ஷாக் அடித்த மாதிரி சுரீரென்று இழுக்குமாம். ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைத்ததுபோல் இருக்கும். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் நடு ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யவேண்டும். மாத்திரையால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியலாம். சிலருக்குக் கைரேகைகூட மங்கிவிடுமாம்.

மதன்: அப்போ பெரியப்பா போன் திறக்காதா

சித்தப்பா: கைரேகை மங்கும் என்றால் பத்திரப் பதிவை அதற்குமுன் முடித்துவிடலாமே

சித்தி: அந்தப் பேச்சு இப்போது எதற்கு

பெரியம்மா: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சித்தப்பா: பொதுவாகத்தான் சொன்னேன் அண்ணி

பிரியா அக்கா: இன்னொரு விஷயம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். தாத்தாவுக்கு என்ன?

கலா அத்தை: அப்பாவுக்கு மூலம்

சித்தப்பா: ஒரு வருஷமாக ரத்தம் போனது. மூலம் மூலம் என்று சொல்லியே யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை.

கலா அத்தை: யாரும் என்றால்? கூட இருந்தது நான் ஒருத்திதான்

பிரியா அக்கா: சண்டை வேண்டாம். தாத்தாவுக்கு என்னவாக இருந்தாலும், அப்பாவுக்கு வந்திருப்பதால் நீங்கள் இரண்டு பேரும் கொலனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் டெஸ்ட், எடுத்தே ஆகவேண்டும். பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சியில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. அது புற்றுநோயாக மாறப் பல வருஷம் ஆகும். அதற்குள் பார்த்துவிட்டால் அந்தக் குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம். அப்பாவுக்கு 52. நானும் தம்பியும் 40 வயதிலேயே ஆரம்பிக்கவேண்டுமாம்.

சித்தப்பா: எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை

பெரியப்பா: எனக்கும் அப்படித்தான்டா இருந்தது.

சித்தப்பா: அதற்கு முன்னால் வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துவிட்டு ராத்திரி பூராவும் யார் ஓடுவது

பெரியப்பா: அந்த ராத்திரிதான் கஷ்டம். போகிறது வெறும் மஞ்சள் தண்ணீராகத் தெளியும்வரை விடாது. மறுநாள் மயக்கம் கொடுத்துவிட்டார்கள், குழாய் போனதும் தெரியாது வந்ததும் தெரியாது.

மதன்: சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் பெரியப்பா

கலா அத்தை: சரி, நான் எடுத்துக்கொள்கிறேன். தம்பியும் வந்தால்

சித்தி: அவருக்கும் சேர்த்தே தேதி வாங்குங்கள்

சித்தப்பா: நான் எப்போது சரி என்றேன்

பிரியா அக்கா: திங்கள்??

கலா அத்தை: முழங்கால் விட்டால் நான் வருவேன்

மதன்: எனக்குப் பரீட்சை

பெரியம்மா: யாரும் சிரமப்படவேண்டாம். நாங்கள் இரண்டு பேரும் போய்க்கொள்வோம், ஆபரேஷனுக்கும் அப்படித்தானே போனோம்.

சித்தப்பா: எத்தனை மணிக்கு அண்ணி

பிரியா அக்கா: 8 மணிக்கு அங்கே இருக்கவேண்டும்

சித்தப்பா: பார்க்கிறேன்

கலா அத்தை: பார்க்கிறேன் என்றால் வருவாயா மாட்டாயா