புளூ ஃபனல் கப்பல் கதைகள் ஏன் எப்போதும் துறைமுகக் கதைகளாகவே இருக்கின்றன?

மெர்சிக்கரை: வணக்கம். நான் இருப்பது இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட். பக்கத்து வீட்டுத் தாத்தா 1950களின் கடைசியில் புளூ ஃபனல் என்ற லிவர்பூல் கம்பெனியின் சரக்குக் கப்பல்களில் மிட்ஷிப்மேனாக, அதாவது பயிற்சி அதிகாரியாக இருந்தவர். உட்கார்ந்தால் போதும், பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று ஊர் ஊராகக் கதை நீளும். நடுக்கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும் "துருவைச் சுரண்டினோம், பெயின்ட் அடித்தோம்" என்பதோடு சரி. சரக்குக் கப்பலில் போனவர்களுக்கு ஊர் சுற்ற இவ்வளவு நேரம் எப்படிக் கிடைத்தது?

இன்ஜின்ரூம் கிழவன்: நேரம் கொடுத்தது டெரிக்தான் தம்பி, கப்பல் மேலேயே இருக்கும் சரக்குத் தூக்கி. நான் கப்பலுக்குப் போனது 70களின் தொடக்கத்தில், அந்தக் காலத்தின் வால் நுனியைத்தான் பார்த்தேன். அப்போது சரக்கு என்றால் மூட்டை, பீப்பாய், பெட்டி, நடுவில் ஒரு மோட்டார் கார், எல்லாமே கயிற்றுவலையில் கட்டி ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும், எந்த ஊர்ச் சரக்கு முதலில் இறங்குமோ அதை மேலே அடுக்க வேண்டும், மழை வந்தால் ஹேட்சை (சரக்கறையின் வாயை) மூடிவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். மலேயா மழை தெரியுமே! ஒரு துறைமுகத்தில் ஒரு வாரம் சாதாரணம். அப்புறம் கன்டெய்னர் வந்தது. 1965இல் புளூ ஃபனல்காரர்களும் பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியும் இன்னும் இரண்டு பெரிய கப்பல் குழுமங்களும் சேர்ந்து அதற்கென்றே தனிக் கம்பெனி தொடங்கினார்கள். இப்போது காலையில் கட்டினால் மறுநாள் கிளம்பிவிடலாம், ஊரைப் பார்ப்பது எங்கே?

உப்புக்காற்று: நகராமல் கிடந்ததற்கு உச்சம் சூயஸ்தான். 1967 ஜூன் அரபு-இஸ்ரேல் போரில் கால்வாய் மூடியபோது 14 கப்பல்கள் கால்வாய் வழியில் உள்ள கிரேட் பிட்டர் ஏரியில் மாட்டிக்கொண்டன. அதில் அகபெனார், மெலாம்பஸ் இரண்டும் புளூ ஃபனல். எட்டு வருஷம்! ஆட்களை மட்டும் அவ்வப்போது மாற்றினார்கள். பொழுது போகாமல் கையால் தபால்தலை செய்தார்கள், 1968இல் தங்களுக்குள் ஒரு ஒலிம்பிக்ஸே நடத்தினார்கள். மணல் படிந்து மஞ்சளானதால் 'மஞ்சள் கப்பல்படை' என்று பெயர்.

கரிமூட்டை: எல்லாம் சரி, ஆனால் இந்த இனிப்பான நினைவுகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். அதே கம்பெனிக் கப்பல்களில் கரி அள்ளியவர்களில் ஏராளமானோர் சீனர்கள், சம்பளம் வெள்ளைக்காரரைவிடக் குறைவு, அதற்காக 1942இல் லிவர்பூலில் வேலைநிறுத்தமே செய்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு ஆயிரத்துக்கு மேற்பட்ட சீன மாலுமிகளைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்பியது. பலருக்கு லிவர்பூலிலேயே மனைவி, பிள்ளைகள். புருஷன் எங்கே போனான் என்றுகூடப் பல பெண்களுக்குச் சொல்லவில்லை. தாத்தாவிடம் அவர்களைப் பற்றியும் கேளுங்கள்.

மெர்சிக்கரை: நேற்றுக் கேட்டேன். அவர் கப்பலில் தச்சர் ஒரு சீனர், நல்ல கைகாரர், இவருக்கு ஒரு சின்ன மரப்பெட்டி செய்து கொடுத்திருக்கிறார், தாத்தா இன்னும் வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டினார். அந்தத் தச்சர் பெயர் என்ன என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சிப்பி" என்றார். (நம்மூர்ச் சிப்பி இல்லை, கப்பலில் எந்தத் தச்சரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.)