பொருள்: மறு: மறு: அயனி மடையா, அயனி வாய்க்காலா? வெள்ளிக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஓய்வு பெறும் எங்கள் மருந்தியல் பேராசிரியருக்கு மதுரையில் தமிழில் ஒரு மலர் போடுகிறோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பணிக்காலம் முழுக்க அவர் ஆய்ந்தது அயான் சேனலும் அது கெட்டால் வரும் நோய்களும்தான். அயானுக்கு (மின்னூட்டம் ஏறிய அணு) 'அயனி' என்று பாடநூலிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுவோம். சேனலுக்கு 'மடை' என்று போட்டிருக்கிறேன். உயிரணுச் சவ்வில் இருந்து அயனிகளுக்கு வழி விடும் இந்தப் புரதம் பெரும்பாலும் எப்போதும் திறந்து கிடப்பதில்லை, மின்னழுத்தம் மாறினாலோ ஒரு வேதிப்பொருள் வந்து ஒட்டினாலோ திறக்கும், பல வகைகள் சில மில்லி வினாடியில் மூடிக்கொள்ளும். ஜெர்மன் விஞ்ஞானிகள் நேயரும் சாக்மனும் 1976இல் ஒற்றை மடை திறந்து மூடுவதை மின்னோட்டமாகவே பதிந்தார்கள், 1991இல் நோபல் பரிசு. கணையத்தின் பீட்டா செல்லில் ஒரு பொட்டாசியம் மடை மூடினால்தான் இன்சுலின் சுரக்கும். மரபணுப் பிழையால் அது மூடாமல் போனால் பிறந்த சில மாதத்திலேயே சர்க்கரை நோய் வந்துவிடும். கிளிபென்கிளமைடு மாத்திரை அதை மூடிவிடுவதால் அப்படிப்பட்ட பல குழந்தைகளுக்கு ஊசியையே நிறுத்த முடிந்தது. இதையே 'வாய்க்கால் மூடியது' என்று எழுதினால் மேலூர்ப் பக்கம் தூர்ந்துபோச்சு என்றுதான் படிப்பார்கள்.

திருமங்கலம் தமிழாசிரியர்:
> 'மடை' என்று போட்டிருக்கிறேன்
தம்பி, மடைக்குச் சோறு என்றும் பொருள் உண்டு, மடைப்பள்ளி அதில் வந்ததுதான். 'கால்' போதும். கால்வாய், வாய்க்கால் என்று முன்பின்னாக மாறி நிற்பதை இலக்கணப் போலி என்று படித்திருப்பீர்கள், இரண்டிலும் நீர் ஓடும் வழி கால்தானே? காற்றுக்கும் கால் என்றே பெயர், ஓடுவதெல்லாம் கால். 'அயனிக்கால்' என்று போடுங்கள்.

செவிலியர் கல்லூரி ஆசிரியை:
ஐயா, கால்சியம் சேனலைக் 'கால்சியக்கால்' என்றால் என் மாணவிகள் எலும்பைத்தான் நினைப்பார்கள். அந்தச் சேனலை அடைக்கும் அம்லோடிபின் மாத்திரை சாப்பிடும் பி.பி. நோயாளியிடம் அவர்கள் போய்ப் பேச வேண்டும். சேனல் என்றே இருக்கட்டும்.

தமிழாசிரியர்:
அம்மா, அப்படியே விட்டால் வினைச்சொல் மட்டும்தான் தமிழில் மிஞ்சும்.

உயிர்வேதியியல் மாணவர்:
மடை ஆள் பார்த்து விடுமா ஐயா? பொட்டாசியம் சேனல், பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியத்தை விடாமல் பொட்டாசியத்தை மட்டும் விடுகிறது. எப்படி என்பதை 1998இல் அமெரிக்க விஞ்ஞானி மெக்கின்னன் அதன் வடிவத்தைக் கண்டு விளக்கினார். அப்புறம் 'வாயில்' சரியாக வராதா?

மறுபடியும் நான்:
வாயில் வேண்டாம் தம்பி, அந்தப் புரதத்துக்குள் திறந்து மூடும் பகுதிக்கே அந்தச் சொல் தேவைப்படுகிறது. இதுவரை மடைக்கு நான்கு பேர், வாய்க்காலுக்கு இரண்டு பேர். முதல் இடத்தில் 'அயனி மடை என்னும் சேனல்' என்று போட்டுவிட்டு அப்புறம் மடை என்றே கொண்டுபோகிறேன்.

தமிழாசிரியர்:
அச்சிடுங்கள். கால்தான் சரி என்பதில் எனக்கு மாற்றமில்லை, கலைச்சொல் தொகுப்பில் என் மறுப்பையும் சேர்த்துவிடுங்கள்.