பால் ஒவ்வாமை: கொடுத்துப் பார்க்கும் நாளில் கவனிக்க வேண்டியவை

ஒவ்வாமைப் பிரிவுத் தாதி

வணக்கம். சிங்கப்பூரில் குழந்தைகளின் பசும்பால் ஒவ்வாமை ஆய்விலும் சிகிச்சையிலும் இருப்பவர்கள் கண்ணால் பார்த்ததை இங்கே எழுதுங்கள். பாலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கும் வாய்வழிச் சோதனையில் நான் தொடங்குகிறேன். படிவத்தில் அப்படித்தான் இருக்கும். வார்டில் எல்லாருக்கும் அது 'சேலஞ்ச்'.

ஒவ்வாமை உண்டா இல்லையா என்று முடிவாகச் சொல்வது இந்தச் சோதனைதான். ஆய்வுகளில் பெரும்பாலும் 2012இல் அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர்கள் சேர்ந்து வகுத்த படிகளைப் பின்பற்றுகிறார்கள். பால் புரதம் 3, 10, 30, 100, 300, 1000, 3000 மில்லிகிராம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது 20 நிமிடம். 100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 3.3 கிராம் புரதம் இருப்பதால் முதல் டோஸ் வெறும் 0.1 மில்லி, கடைசி டோஸ் 90 மில்லி. அந்த 0.1 மில்லியில்தான் தவறு நடக்கும். நேராக உறிஞ்சினால் சிரிஞ்சின் முனையிலேயே பாதி தங்கிவிடும். 1 மில்லி பாலை, குழந்தை வழக்கமாகக் குடிக்கும் ஒத்துக்கொண்ட பானம் 9 மில்லியில் கலந்து, அதிலிருந்து 1 மில்லி கொடுத்தால் கணக்கு சரியாக வரும்.

காலையில் எடை பார்த்தவுடன் செய்ய வேண்டிய வேலை, கடும் ஒவ்வாமைக்குப் போடும் அவசர ஊசி மருந்தான அட்ரினலின் அளவைக் கணக்கிட்டுக் கட்டிலருகே எழுதி வைப்பது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 8 கிலோ குழந்தைக்கு, மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள மருந்தில் 0.08 மில்லி, தொடையின் வெளிப்பக்க நடுவில். குழந்தை மூச்சுத் திணறும்போது யாருக்கும் கணக்கு ஓடாது.

கைக்குழந்தைக்கு 'தொண்டை அடைக்குது' என்று சொல்லத் தெரியாது. விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று அமைதியாகி அம்மாவின் தோளில் சாய்ந்துகொள்ளும். காதைத் தேய்க்கும், நாக்கை விரலால் சுரண்டும். அப்படித் தெரிந்தால் மணி ஆகிவிட்டதென்று அடுத்த டோஸைக் கொடுக்கக் கூடாது, காத்திருங்கள். வாயைச் சுற்றி மட்டும் நாலைந்து தடிப்பு வந்தால் பால் பட்டதால் இருக்கலாம். முதல் டோஸுக்கு முன்பே வாயைச் சுற்றி வாஸ்லைன் பூசினால் இந்தக் குழப்பம் குறையும். வயிற்றிலோ முதுகிலோ தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, குரல் கம்முவது, மூச்சிழுப்பு என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் தடிப்பு சிவப்பாகத் தெரியாது. பாடநூல் படத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் தவறவிடுவோம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேடு கைக்குத் தட்டுப்படும்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. இங்கே சேலஞ்ச் தள்ளிப்போகப் பெரிய காரணம் இருமல் சிரப். பெற்றோரிடம் 'அலர்ஜி மருந்து கொடுத்தீர்களா' என்று கேட்டால் இல்லை என்பார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் சளிக்குக் குடும்ப மருத்துவர் கொடுத்த சிரப்பில் குளோர்ஃபெனிரமினோ புரோமெத்தசினோ இருக்கும்; அவையும் ஒவ்வாமை மருந்துகள்தான். செட்டிரிசினை ஒரு வாரம் நிறுத்த வேண்டும், பழைய வகைகளை மூன்று நாளாவது. மருந்துப் புட்டிகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாய்மொழியை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். காய்ச்சல், இழுப்பு, தோல் அரிப்பு கிளர்ந்த நாள் ஆகியவற்றிலும் சோதனை கூடாது.

இரட்டை மறைப்புச் சோதனை என்றால் பால் ஒரு நாள், பால் கலக்காத போலி இன்னொரு நாள். எது எந்த நாள் என்று வார்டில் யாருக்கும் தெரியக் கூடாது. கலப்பவர் தனி ஆள். கொழுப்பு நீக்கிய பால் தூளில் ஏறக்குறைய 35 விழுக்காடு புரதம் என்பதால் 3000 மில்லிகிராமுக்குச் சுமார் 8.6 கிராம் தூள் வேண்டும். புரதம் பெருமளவு உடைக்கப்பட்ட பால் மாவு கசக்கும், நெடியும் அடிக்கும். அதில் பால் தூளைக் கலந்தால் சுவை வேறுபாடு எளிதில் தெரியாது. ஆனால் அதுவரை தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தை அந்தக் கசப்பைத் துப்பிவிடும். பாதி டோஸ் சட்டையில் வழிந்தால் அதை 'கொடுத்தாயிற்று' என்று எழுதாதீர்கள். வீட்டில் ஒரு வாரம் முன்பே அந்த மாவைப் பழக்கிவிட்டு வரச் சொல்லலாம்.

ஒவ்வாமை ஆய்வகத் தொழில்நுட்பர்

தோல் குத்துச் சோதனையில் தடிப்பு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் 'பாசிட்டிவ்'. இதன் பொருள் பாலுக்கு எதிரான ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள் உடம்பில் இருக்கிறது என்பது மட்டுமே. பால் குடித்தால் ஒன்றும் ஆகாத குழந்தைக்கும் 4 மில்லிமீட்டர் வரும். மெல்பர்னில் நடந்த ஆய்வில் 8 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் (2 வயதுக்குள் 6) வந்த குழந்தைகள் சேலஞ்சில் ஒவ்வாமை காட்டினார்கள். ரத்தத்தில் அந்த ஐஜிஇ லிட்டருக்கு 15 கிலோ யூனிட், 2 வயதுக்குள் 5, என்ற எல்லைகளையும் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். அந்த எண்கள் பெரிய ஒவ்வாமை மையங்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளிடமிருந்து வந்தவை. பலதுறை மருந்தகத்துக்கு வரும் சாதாரணக் குழந்தைக்கு அப்படியே பொருத்தினால் தவறு கூடும்.

ஒப்பீட்டுக்காக ஹிஸ்டமின் குத்திய இடத்தில் தடிப்பே வரவில்லை என்றால் மேலே சொன்ன சிரப்தான் காரணம். அன்றைய சோதனையைக் குப்பையில் போடுங்கள்.

குழந்தை மருத்துவப் பிரிவு மருத்துவர்

ஐஜிஇ சாராத வகையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பாதிதான். எஃப்பைஸ் என்று நாங்கள் சொல்லும் வகையில் பால் குடித்து 1 முதல் 4 மணி நேரம் கழித்து அடுக்கடுக்காக வாந்தி வரும். குழந்தை வெளிறித் துவண்டுபோகும். தடிப்பு இல்லை, இழுப்பு இல்லை. கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் ஏற்றுவது எங்கும் நடப்பது. தோல் சோதனை எடுத்தால் பெரும்பாலும் நெகட்டிவ். அந்தத் தாளைப் பார்த்து 'பால் கொடுக்கலாம்' என்று சொல்வதுதான் ஆபத்து. இவர்களுக்கு சேலஞ்ச் முறையே வேறு: கிலோவுக்குப் பெரும்பாலும் 0.3 கிராம் புரதம், மொத்தம் 3 கிராமுக்கு மிகாமல், மூன்று பங்காக அரை மணி நேரத்துக்குள். பிறகு 4 முதல் 6 மணி நேரம் பார்வையில். 20 நிமிடக் கணக்கு இங்கே பயன்படாது.

மறுபக்கமும் உண்டு, எனக்கு அதிகம் மனம் கனப்பது அங்கேதான். அழுகை, எதுக்களிப்பு, மலம் இளக்கம், தோல் அரிப்பு இவற்றை வைத்தே பால் ஒவ்வாமை என்று எழுதிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1303 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வின் தரவைப் பிறகு அலசியபோது, பால் ஒவ்வாமை வழிகாட்டியில் உள்ள 'லேசான அறிகுறி' குறைந்தது இரண்டு ஏதோ ஒரு மாதத்தில் இருந்தவர்கள் 74 விழுக்காடு. ஆனால் ஐரோப்பாவில் 9 நாடுகளில் பிறந்தது முதல் பின்தொடர்ந்த குழந்தைகளிடம் சேலஞ்ச் வைத்து உறுதியான பால் ஒவ்வாமை 0.54 விழுக்காடுதான். சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய, தாய் சேய்களைப் பின்தொடரும் கஸ்டோ ஆய்விலும் முட்டை, வேர்க்கடலை போன்றவற்றை வீடுகளில் தாமதமாகவே கொடுத்திருந்தும் உணவு ஒவ்வாமை குறைவாகவே இருந்தது.

ஆகவே லேசான அறிகுறி என்றால் 2 முதல் 4 வாரம் நிறுத்துங்கள், பிறகு கட்டாயம் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். உடனடியாகத் தடிப்பு வந்த குழந்தைக்கும் துவண்டுபோன குழந்தைக்கும் இது பொருந்தாது, அவர்களுக்கு மருத்துவமனையில்தான். பலரும் இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். 3 மாதக் குழந்தையின் அழுகை 4 மாதத்தில் தானாகவே குறையும். பாலை நிறுத்தியதால் குறைந்தது என்று நினைத்துப் பிள்ளை பாலர் பள்ளி போகும்வரை பால் இல்லாமலே வளரும்.

பத்தியத்தில் இருக்கும் தாய்மாருக்கும் ஒரு சொல். பூண்டுப் பாலையும் நெய்யையும் முன்னெச்சரிக்கையாக நிறுத்த வேண்டியதில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும்போதே குழந்தைக்கு அறிகுறி இருந்தால் மட்டும் நிறுத்திப் பாருங்கள். அப்போது நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேறு வழியில் போக வேண்டும்.

உணவியல் நிபுணர்

டாக்டர் சொன்ன அந்தப் 'பால் இல்லாமலே வளரும்' பிள்ளைகள்தான் எங்களிடம் வருகிறார்கள். வீட்டில் ஆட்டுப்பால், 'ஹெச்.ஏ.' என்று அச்சிட்ட மாவு, லாக்டோஸ் இல்லாத பால் என்று எல்லாம் முயன்றிருப்பார்கள். ஆட்டுப்பாலின் புரதம் மாட்டுப்பாலை ஒத்தது. பசும்பால் ஒவ்வாத 10 குழந்தைகளில் 9 பேருக்கு மேல் அதுவும் ஒவ்வாது. 'ஹெச்.ஏ.' மாவில் புரதம் பாதிதான் உடைந்திருக்கும். லாக்டோஸ் என்பது சர்க்கரை, ஒவ்வாமை புரதத்துக்கு. ஒவ்வாமை உறுதியான பிறகு தேவை பெருமளவு உடைக்கப்பட்ட புரத மாவு; அதையும் தாங்காதவர்களுக்கும் கடுமையான வகைக்கும் அமினோ அமில மாவு. பாதாம் பானத்தில் 100 மில்லிக்கு அரை கிராம் புரதம்கூடத் தேறுவது கடினம். ஒரு வயதுக்குள் அது பாலுக்கு ஈடாகாது.

'நல்லா காய்ச்சினா போதுமே' என்று பாட்டிமார் கேட்பார்கள். பால் புரதத்தில் 80 விழுக்காடு கேசின், அதைக் கொதி அசைக்காது. பாயசம் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பால்தான். மோரும் அப்படியே, தண்ணீர் கூடியதால் அளவு குறைந்திருக்கிறது, அவ்வளவே. மாவோடு சேர்ந்து 180 டிகிரியில் அரை மணி நேரம் வெந்த மஃபின் வேறு கதை. நியூயார்க்கில் 100 பிள்ளைகளிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில் 68 பேர் வெந்த பாலைத் தாங்கினார்கள், பச்சைப் பாலைத் தாங்கவில்லை. 23 பேருக்கு வெந்ததே ஆகவில்லை. 9 பேருக்கு இரண்டும் ஒத்துக்கொண்டது. பிஸ்கட், மஃபின், பான்கேக், சீஸ், தயிர், பால் என்ற ஏணி இதிலிருந்து வளர்ந்ததுதான். அதை வீட்டில் ஏறுவது ஐஜிஇ சாராத லேசான வகைக்கு. குலாப் ஜாமூனை இந்த ஏணியில் சேர்க்காதீர்கள். பால் தூள் நிறைய, உள்ளே போகும் சூடு குறைவு.

சிங்கப்பூர்ச் சட்டப்படி பொட்டலத்தில் பால் இருந்தால் அச்சிட்டிருக்க வேண்டும். 'நான் டெய்ரி' கிரீமரில் சோடியம் கேசினேட் என்ற பால் புரதம் இருக்கும், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மைலோ தூளிலும் பால் உண்டு. காப்பிக்கடை பிராத்தாவுக்கோ தேக்கா சந்தையில் நிறுத்து வாங்கும் பலகாரத்துக்கோ லேபிள் கிடையாது. கல்லில் நெய் போடுகிறார்களா, வெண்ணெயா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

முன்கூட்டித் தடுப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு: ஜப்பானிய ஆய்வுகள் இரண்டும் முரண்படுவதாகத் தோன்றும். ஒன்றில் பிறந்த முதல் 3 நாளில் பால் மாவைத் தவிர்த்தவர்களுக்கு ஒவ்வாமை குறைந்தது. 2021இல் வந்த ஒகினாவா ஆய்வில் 1 முதல் 2 மாத வயதில் நாளுக்கு 10 மில்லியாவது கொடுத்தவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கும், தவிர்த்தவர்களில் 6.8 விழுக்காட்டினருக்கும் 6 மாதத்தில் ஒவ்வாமை. சேர்த்துப் படித்தால், பிரசவ வார்டில் ஒரு புட்டி கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்துவதுதான் சந்தேகத்துக்குரியது என்று நான் கருதுகிறேன். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் ஆய்வு எதுவும் இதில் இல்லை.

ஒவ்வாமைப் பிரிவுத் தாதி

நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்றை விடக் கூடாது. வருடக்கணக்கில் பால் குடித்த பள்ளிப் பிள்ளைக்குப் புதிதாக வாங்கிய பால் மாவைக் குடித்தவுடன் முகம் வீங்கி இழுப்பு வரும். சாதாரணப் பசும்பால், சீஸ், ஐஸ்கிரீம் எதிலும் ஒன்றும் ஆகாது. பால் ஒவ்வாமை என்று எழுதும் முன் மாவு டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். காலக்டோ ஒலிகோசாக்கரைடு என்ற நார்ச்சத்து சேர்த்திருக்கிறதா பாருங்கள். அந்த நார்ச்சத்துக்கே அனஃபிலாக்சிஸ் என்ற உயிராபத்தான ஒவ்வாமை வருவதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். தூசிப்பூச்சி வழியாக முதல் உணர்திறன் வந்திருக்கலாம் என்ற ஐயமும் உண்டு. இவர்களுக்குப் பாலை நிறுத்தத் தேவையில்லை; அந்தப் பொருள் உள்ள மாவை நிறுத்தினால் போதும்.

பாலர் பள்ளிக்குக் கொடுக்கும் அட்ரினலின் பேனாவை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லாதீர்கள், வெயிலில் நிற்கும் காரிலும் கூடாது. மாதம் ஒருமுறை அதன் சிறு ஜன்னல் வழியே பாருங்கள். மருந்து தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தாலோ துகள் மிதந்தாலோ காலாவதித் தேதி வரை காத்திராமல் அன்றே மாற்றுங்கள். குத்தியதும் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்து, பிள்ளையைப் படுத்தபடியே வைத்திருங்கள்; தோளில் தூக்கி நிறுத்தக் கூடாது.