ஃபேர்னஸ் பத்துது, ஐந்து செக்கனில அணையுது: உங்களுக்கும் நடந்ததா?

ஸ்காபரோவில் இருந்து

போன ஜனவரி, இஞ்ச கனடாவில வெளியில மைனஸ் 18. விடிய நாலு மணிக்கு சின்னவள் எழும்பி "அப்பா, குளிருது" எண்டாள். தெர்மோஸ்டாட்டில வைச்சது 21, காட்டினது 14.

பேஸ்மென்டுக்கு ஓடிப்போய், வீட்டைச் சூடாக்கிற காஸ் ஃபேர்னஸின்ர கதவில இருக்கிற சின்னக் கண்ணாடித் துவாரத்தால பார்த்தன். சின்ன மோட்டர் உறுமுது. நெருப்புப் பத்தவைக்கிற இக்னைட்டர் செம்மஞ்சளாப் பழுக்குது. கிளிக் எண்டு வால்வு திறக்க, நீலச் சுவாலை ஒரு பக்கத்தில பிடிச்சு மற்றப் பக்கம் வரைக்கும் ஓடுது. நாலைந்து எண்ண முதல் அணைஞ்சிட்டுது. மூன்று தரம் இப்படி. பிறகு பேசாமல் நிண்டிட்டுது, அதைக் கட்டுப்படுத்திற எலக்ட்ரோனிக் போர்டில சிவப்பு லைட் மட்டும் மின்னினபடி.

காலையில வந்த கொம்பனிக்காரர் போர்ட் பழுதாப் போச்சுது, ஃபேர்னஸ் 14 வருசப் பழசு, புதுசு போடுங்கோ எண்டவர். அவ்வளவு காசு கையில இல்லை. அதே தொழில் செய்யிற ஒரு அண்ணைக்கு ஃபோன் அடிச்சன். அவர் கேட்டது ஒண்டே ஒண்டு: "பத்தாமலே நிக்குதா, பத்திப்போட்டு அணையுதா?"

பத்தி அணைஞ்சால் முதல்ல பார்க்க வேண்டியது சுவாலையை உணருற ஃபிளேம் சென்சராம். பென்சில் கூர் மொத்தத்தில ஒரு கம்பி, அடியில வெள்ளைப் பீங்கான், ஒரு ஸ்க்ரூ. சுவாலைக்கூடாக மைக்ரோ ஆம்ப் கணக்கில துளி கரண்ட் அதில ஓடும். அது வந்தால்தான் போர்டுக்கு நெருப்பு இருக்கிறது தெரியும். கம்பியில படலம் படிஞ்சால், கண்முன்னால எரியிற நெருப்பே அதுக்குத் தெரியாது. எரியாத காஸ் வீட்டுக்குள்ள நிறையக் கூடாதெண்டு வால்வைப் பூட்டிவிடும். எங்களைக் காப்பாத்தத்தான் அது அணைஞ்சிருக்கு.

கரண்டையும் காஸையும் நிப்பாட்டிப்போட்டுக் கம்பியைக் கழட்டினன். சாம்பல் நிறப் படலம், நகத்தால சுரண்டினாலும் போகேல்லை. மெல்லிய ஸ்டீல் வுல்லால தேய்க்கத் தேய்க்கப் பளபளத்துது. திரும்பப் பூட்டினன். பத்திச்சுது. பத்து நிமிசம் அந்தத் துவாரத்தை விட்டு அசையேல்லை. அணையவே இல்லை.

மார்க்கமில் இருந்து

அண்ணை, எங்களுக்கும் இதேதான், ஆனால் கம்பியை இரண்டு தரம் துடைச்சும் சரிவரேல்லை. கடைசியில இவர் வெளியில போய்ப் பார்த்தால், பக்கச் சுவரில ஃபேர்னஸுக்குக் காற்று போய்வாற இரண்டு வெள்ளைக் குழாயையும் பனி மூடியிருக்கு. காற்று போக வழியில்லாமல், அதைக் கவனிக்கிற பிரெஷர் சுவிட்ச் நிப்பாட்டியிருக்கு. சவளால வழிச்சு விட்ட பிறகுதான் ஓடிச்சுது. இப்ப பெரிய பனி கொட்டினால் காருக்கு முதல் அந்தக் குழாயைத்தான் துப்பரவாக்குறம்.

மிசிசாகாவில் இருந்து

நான் இந்த வேலைதான் செய்யிறன், அதனால கொஞ்சம் சொல்லவேணும். முரட்டு மண்தாளால தேய்க்காதேங்கோ, கீறல் விழுந்தால் அழுக்குக் கெதியாப் பிடிக்கும். துடைச்சு ஒரு மாதத்துக்குள்ள திரும்ப வந்தால் பீங்கான் வெடிச்சிருக்கா, எர்த் வயர் இறுக்கமா இருக்கா எண்டு பார்ப்பியுங்கோ. பைலட் எண்ட சின்னச் சுவாலை எப்பவும் எரியிற பழைய ஃபேர்னஸில இந்தக் கம்பி இல்லை, அந்தச் சுவாலையின்ர சூட்டை உணருற தெர்மோகப்பிள்தான். குமிழை அமத்தினபடி இருக்க எரிஞ்சு, விட்டவுடன அணைஞ்சால் அனேகமா அதுதான்.

சுவாலை மஞ்சளா இருந்தாலோ வெளியில நாக்கு நீட்டினாலோ தொடவே வேண்டாம். சுவாலை வெளியில வந்தால் நிப்பாட்டிற ரோல்அவுட் சுவிட்ச் விழுந்து ஓஃப் ஆகியிருந்தால் அமத்தி ரீசெட் பண்ணி ஓட்டிப் பார்க்காதேங்கோ. கார்பன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயுவுக்கான அலாரம் அடிச்சால் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளியில போய் நிண்டு அவசர உதவிக்கு 911 அடியுங்கோ. வால்வு, காஸ் குழாய் எல்லாம் லைசென்ஸ் உள்ள ஆளுக்கு விடுங்கோ.

அந்தச் சிவப்பு லைட் எத்தினை தரம் மின்னினது, அண்ணை? அதுக்கு அர்த்தம் எழுதின தாள் கதவின்ர உட்பக்கத்தில ஒட்டியிருக்கும்.

ஸ்காபரோவில் இருந்து

இப்பதான் கீழ போய் வாசிச்சன், தம்பி. அண்டைக்கு ஃபோனில எடுத்த வீடியோவில எண்ணினால் மின்னினது மூன்று தரம். தாளில மூன்றுக்கு நேரே "சுவாலை உணரப்படவில்லை" எண்ட கருத்தில ஒரே ஒரு வரி. வந்தவரும் எண்ணேல்லை, நானும் எண்ணேல்லை.