‘வீட்டு ஆட்கள்’ குழுவில்: தோற்ற தளபதியும் மீனவர் படையும்

நான்: எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை கல்லூரியில் பத்து நிமிடம் பேச வேண்டும். வரிசையாகத் தோற்ற ஒரு தளபதியின் பெயரைக் குளிர்காலத்துத் திடீர்த் தாக்குதல் ஒன்று எப்படி மீட்டது என்பது தலைப்பு. ஜார்ஜ் வாஷிங்டனை எடுத்திருக்கிறேன். அமெரிக்க விடுதலைப் போரில் அவர் ராத்திரியில் டெலவேர் ஆற்றைக் கடந்து போய், பிரிட்டன் பக்கத்துப் படை இருந்த டிரெண்டன் ஊரைத் தாக்கியது, 1776 டிசம்பர் 26. பெரியப்பா, எங்கே தொடங்கலாம்?

பெரியப்பா தக்கலை: தோல்வியிலிருந்து தொடங்கு மக்கா. அவர் எவ்வளவு கீழே போயிருந்தார் என்று தெரியாவிட்டால் டிரெண்டனின் அருமை யாருக்கும் புரியாது. ஆகஸ்டில் லாங் ஐலண்டில் தோல்வி. அப்புறம் நியூயார்க் கைவிட்டுப் போனது. நவம்பர் 16-ல் அவர் பெயரையே வைத்திருந்த கோட்டை விழுந்து, ஏறக்குறைய 2,800 பேர் சிறைப்பட்டார்கள். அவர் ஹட்சன் ஆற்றின் எதிர்க்கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா தக்கலை: அந்தக் கடித விஷயத்தையும் சொல். நெருங்கிய உதவியாளர் ஜோசப் ரீடுக்கு இன்னொரு தளபதி சார்லஸ் லீ எழுதிய கடிதம். அலுவல் கடிதம் என்று நினைத்து வாஷிங்டன் பிரித்துவிட்டார். உள்ளே பார்த்தால், வாஷிங்டனுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்று இரண்டு பேரும் புலம்பிக்கொண்டது தெரிகிறது. பிரித்ததற்கு வருத்தம் தெரிவித்து ரீடுக்கே அனுப்பி வைத்தார். தன்னோடு இருப்பவனுக்கே நம்பிக்கை போய்விட்டது என்று தெரிந்த பிறகும் படையை நடத்த வேண்டும் என்றால் யோசித்துப் பார்.

அத்தை மார்த்தாண்டம்: ஐயோ பாவம். 😔

அண்ணன்: கிறிஸ்துமஸ் ராத்திரி எதிரிப் படை குடித்துக் கிடந்தது, அதனால்தான் ஜெயித்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பெரியப்பா தக்கலை: அது பின்னால் கட்டிய கதை தம்பி. டிரெண்டனில் இருந்தவர்கள் ஹெஸ்ஸியர்கள், பிரிட்டன் வாடகைக்கு எடுத்த ஜெர்மானியப் படை, சுமார் 1,500 பேர். கர்னல் ரால் தலைமை. அக்கம்பக்கத்து ஆட்கள் மாற்றி மாற்றித் தாக்கியதில் பல நாளாகத் தூங்காமல் காவல் நின்று களைத்திருந்தார்கள். அன்றைக்குப் புயல் வேறு. இந்த வானிலையில் யார் வரப்போகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

அம்மா: பேச்சு இருக்கட்டும், மழை இருட்டிக்கொண்டு வருகிறது. மாடியில் துணி கிடக்கிறது பார்.

நான்: எடுத்துவிட்டேன் அம்மா.

மாமா குளச்சல்: ஆற்றைக் கடந்தார் என்று சொன்னாய். ஓடம் வலித்தது யார்?

நான்: மாமா, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மாசசூசெட்ஸில் மார்பிள்ஹெட் என்று ஒரு கடற்கரை ஊர். அந்த ஊர் மீனவர்களும் கப்பலோட்டிகளும் நிறைந்த ஒரு படைப்பிரிவு, ஜான் குளோவர் தலைமையில். டெலவேர் ஆற்றில் இரும்பு ஏற்றிப்போகும் டர்ஹாம் படகுகளில் ஆட்களை ஏற்றினார்கள். குதிரைக்கும் 18 பீரங்கிக்கும் தட்டையான தோணிகள். மொத்தம் 2,400 பேர்.

மாமா குளச்சல்: ராத்திரியிலா?

நான்: ஆமாம். மழையும் பனிக்கட்டியும் சேர்ந்து அடிக்கிற காற்று. ஆற்றில் பாளம் பாளமாகப் பனிக்கட்டி மிதந்து வருகிறது.

மாமா குளச்சல்: அப்படியானால் கேள். வள்ளத்தில் ஒரு எஞ்சினைத் தூக்கி வைக்கும்போதே முன்பக்கம் அணியத்தில் ஒருவன், பின்பக்கம் அமரத்தில் ஒருவன் நின்று பிடிக்க வேண்டும். பாரம் ஒரு பக்கம் சரிந்தால் போச்சு. கண் தெரியாத இருட்டில் மிரண்ட குதிரையையும் பீரங்கியையும் ஏற்றி, மிதந்து வரும் பாளத்தைக் கம்பால் தள்ளிக்கொண்டே அக்கரை சேர்த்திருக்கிறார்கள் என்றால், அது சும்மா வேலை இல்லை. அவர்கள் பெயரைச் சொல்லாமல் பேச்சை முடிக்காதே.

அக்கா நியூ ஜெர்சி: இப்போதுதான் எழுந்தேன். 😊 அந்த இடத்துக்குப் போயிருக்கிறோம். ஆறு அங்கே பெரிய அகலம் இல்லை, 300 மீட்டர் அளவுதான். ஆனால் டிசம்பரில் கரையில் கொஞ்ச நேரம் நின்றாலே விரல் மரத்துவிடும். நடு ராத்திரிக்குள் எல்லோரும் அக்கரை சேர வேண்டும் என்பது திட்டம். முடியும்போது மணி மூன்று. நாலு மணிக்குத்தான் நடக்கத் தொடங்கினார்கள், 14 கிலோமீட்டர். சிலர் காலில் செருப்புக்குப் பதில் துணி சுற்றியிருந்தார்களாம். வழியில் இரண்டு பேர் குளிரில் இறந்துபோனார்கள்.

அண்ணன்: அப்போ போய்ச் சேரும்போது விடிந்திருக்குமே?

அக்கா நியூ ஜெர்சி: எட்டு மணி. நன்றாக விடிந்துவிட்டது. துப்பாக்கி மருந்தெல்லாம் நனைந்துவிட்டது என்று வழியிலேயே செய்தி வந்தது. அப்படியானால் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துங்கள், ஊரைப் பிடித்தே ஆக வேண்டும் என்று வாஷிங்டன் சொல்லி அனுப்பினார்.

நான்: இன்னும் இரண்டு படைகள் வேறு இடங்களில் கடந்து வர வேண்டியது. பனிக்கட்டியால் அவற்றால் சண்டைக்கு வந்து சேர முடியவில்லை. இவருடைய படை மட்டும் வந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 900 பேர் வரை சிறைப்பட்டார்கள். ரால் காயப்பட்டு இறந்தார்.

அத்தை மார்த்தாண்டம்: ஒரே காலையில் பெயர் திரும்பி வந்துவிட்டது!

பெரியப்பா தக்கலை: அதோடு நிறுத்தினால் பேச்சு அரைகுறை. டிசம்பர் 31-ஐ மறக்காதே. பெரும்பாலான வீரர்களின் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தால் தாக்குவதற்குப் படையே இருந்திருக்காது. ஜெயித்த பிறகு, இன்னும் ஆறு வாரம் இருந்தால் பத்து டாலர் என்று கெஞ்சிக் கேட்டார், கணிசமான பேர் நின்றார்கள். ஜனவரி 2-ல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் பெரிய படையோடு வந்து மடக்கினார். இவரோ முகாம் நெருப்பை எரியவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக நழுவி, 3-ஆம் தேதி பிரின்ஸ்டனில் அடித்தார். முதல் வெற்றியை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். பத்து நாளுக்குள் இன்னொரு முறை செய்தால் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. பெயர் நிலைத்தது அங்கேதான் என்பது என் கருத்து.

பெரியப்பா தக்கலை: இங்கே புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டச்சுப் படையில் இருந்த டி லனாய் கல்லறை இருக்கிறதே, அவரும் தோற்ற ஆள்தான். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டவர், பின்னால் திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனார். இறந்தது 1777, பிரின்ஸ்டன் நடந்த அதே வருடம். நேரம் இருந்தால் சேர்த்துக்கொள்.

மாமா குளச்சல்: அத்தான், அந்த மீனவர்களும் பத்து டாலர் வாங்கிக்கொண்டு நின்றார்களா?

நான்: பெரும்பாலானவர்கள் நிற்கவில்லை மாமா. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஆகஸ்டிலும் இவர்கள்தான் காப்பாற்றினார்கள். லாங் ஐலண்டில் தோற்றதும் 9,000 பேரை ஒரே ராத்திரியில் ஆற்றைக் கடத்தி விட்டார்கள். அன்று அது நடக்காவிட்டால் டிசம்பரில் வாஷிங்டனுக்குப் படையே கிடையாது.

மாமா குளச்சல்: பிறகென்ன மக்கா, இதைத்தான் நீ முதலில் சொல்ல வேண்டும்.

நான்: பெரியப்பா தோல்வியிலிருந்து தொடங்கச் சொன்னார். ஆகஸ்ட் ராத்திரியில் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். மாமா, ஓடத்தில் பாரம் ஏற்றுவது பற்றி ஒரு குரல் பதிவு அனுப்புங்கள்.

மாமா குளச்சல்: இன்று ராத்திரி தொழிலுக்குப் போகிறேன். காலையில் கரைக்கு வந்ததும் அனுப்புகிறேன்.