தோட்டம் மட்டும் பேசவும்

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிய தெரு எங்களுடையது. தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. ஒகேனக்கல் தண்ணீர் எப்போது வரும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தது. போன தேர்தலில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய பிறகு, அட்மின் ஹெச்.எம். சார் ஒரு விதி போட்டார்: அரசியல் கூடாது. தோட்டம், தண்ணீர், கரண்ட், விசேஷம் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடியதை இங்கே எடுத்துப் போடுகிறேன். குட் மார்னிங் படங்களை நீக்கிவிட்டேன். பெயர்கள் என் போனில் சேமித்து வைத்திருக்கிறபடி.

கோமதி அக்கா, 7:12
(படம்)
செம்பருத்தியைப் பாருங்கள். பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாக. போன வாரம் நுனியில் மட்டும்தான் இருந்தது. இப்போது மொட்டு விரியாமலேயே சுருண்டு விழுகிறது. என்ன தெளிக்கலாம்?

உரக்கடை அண்ணன், 7:15
மாவுப்பூச்சி. கடைக்கு வாங்க அக்கா, மருந்து தருகிறேன். ஒரே அடியில் போய்விடும்.

ஹெச்.எம். சார், 7:16
சாமிக்குப் பறிக்கிற பூ. மருந்து வேண்டாம்.

கோமதி அக்கா, 7:18
சாமிக்கு மட்டுமில்லை சார், பாப்பா தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதும் அந்தப் பூவில்தான்.

மாடி வீட்டு ரமேஷ், 7:21
வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. கொஞ்சம் காதி சோப்பு கரைத்து அடியுங்கள் அக்கா.

கோமதி அக்கா, 7:22
அடித்தேன் தம்பி. சோப்பு தயிர் போலத் திரிந்துவிட்டது. எண்ணெய் தனியே மிதக்கிறது. இலை கருகியதுதான் மிச்சம்.

மாடி வீட்டு ரமேஷ், 7:22
போர்வெல் தண்ணீரா?

கோமதி அக்கா, 7:23
பின்னே, மினரல் வாட்டரிலா அடிப்பார்கள்?

மாடி வீட்டு ரமேஷ், 7:26
அதுதான் விஷயம். நம் போர் தண்ணீரில் துணிக்கே சோப்பு நுரைக்காது, எண்ணெயை எங்கே கலக்கும்? ஒகேனக்கல் தண்ணீர் வருகிற அன்று ஒரு குடம் தனியாக எடுத்து வையுங்கள். முதலில் சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு நன்றாக அடித்துக் கலக்குங்கள். பால் போல வெளுத்த பிறகு மீதித் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு, இலைக்கு அடியில் படும்படி.

மளிகை மாமா, 7:30
ஒகேனக்கல் தண்ணீர் என்றால் ஜப்பான்காரன் காசு. கோமதி வீட்டுச் செம்பருத்திக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

ஹெச்.எம். சார், 7:34
இனாம் இல்லை கடைக்காரரே, கடன். 2008-ல் அடிக்கல் போட்டபோது கர்நாடகத்தில் எத்தனை எதிர்ப்பு! அங்கே தேர்தல் முடியட்டும் என்று கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தார்கள். 2013-ல்தான் தண்ணீர் ஓடியது. அதற்கு முன் போர்வெல் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடால் கறை பிடித்த பல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்த வாத்தியார் நான். பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். கூச்சம் என்று நினைத்திருந்தேன். பல்லில் பழுப்புக் கோடு.

நான், 7:35
சார், இது அரசியல்.

ஹெச்.எம். சார், 7:35
இது தண்ணீர்.

(அன்றைக்கு முதல் விதிமீறல் அட்மினுடையது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.)

இன்சூரன்ஸ் அண்ணன், 7:50
பலமுறை பகிரப்பட்டது
அவசரம்!! மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொட்டிக்கு இவ்வளவு என்று ஐ.நா. சபை வரி போடுகிறது!! நள்ளிரவு முதல் அமல்!! 10 பேருக்கு அனுப்பவும்!!

மாடி வீட்டு ரமேஷ், 7:52
அண்ணா, ஐ.நா. சபைக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. உறுப்பு நாடுகள் சந்தா கட்டித்தான் அது நடக்கிறது.

மளிகை மாமா, 7:53
போட்டாலும் எவன் கட்டுவான்? அது சொல்லிச் சண்டையே நிற்க மாட்டேன் என்கிறது.

இன்சூரன்ஸ் அண்ணன், 7:54
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மளிகை மாமா, 8:05
சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் குண்டு விழுந்தது. மார்ச்சில் என் கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டைத் தொட முடியவில்லை. அங்கிருந்துதானே பெரும்பகுதி வந்துகொண்டிருந்தது! சரி, பாமாயில் இருக்கிறதே என்று பார்த்தால், ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியாக்காரன் ஏற்றுமதியை நிறுத்தினான், மூன்று வாரத்துக்கும் மேலே. உக்ரைன் எந்தத் திசை என்று தெரியாத கிழவிகள் எல்லாம் விலையை ஏற்றிவிட்டாய் என்று என்னிடம் சண்டை.

கோமதி அக்கா, 8:09
அந்தக் கிழவிகளில் என் மாமியாரும் ஒருத்தி. மாமா, உக்ரைன்காரர்கள் வீட்டை இடிக்கிற ரஷ்யாக்காரனிடம் நாம் மலிவாகப் பெட்ரோலியம் வாங்குகிறோமே, அது எனக்கு உறுத்தும்.

மளிகை மாமா, 8:11
உறுத்தினால் ஸ்கூட்டியை விட்டுவிட்டு நடந்து போங்க அம்மா. நாம் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்குவான். கூட விலை கொடுத்து வாங்க நமக்கு என்ன தலையெழுத்து?

கோமதி அக்கா, 8:12
நடந்துதான் போகிறேன். ரோடு இருக்கிற லட்சணத்தில் ஸ்கூட்டி எதற்கு?

மாடி வீட்டு ரமேஷ், 8:15
அதைச் சாக்காக வைத்துத்தானே 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியது? திருப்பூரில் என் மச்சான் இரண்டு மாதம் ஓவர்டைம் இல்லாமல் உட்கார்ந்தான். அமெரிக்கப் பொருள் எதையும் வீட்டுக்குள் விடக்கூடாது என்று சபதம் போட்டிருக்கிறேன்.

ஹெச்.எம். சார், 8:16
அரசியல் வேண்டாம் தம்பி. தோட்டம் மட்டும்.

ஹெச்.எம். சார், 8:31
தோட்டத்தைப் பற்றியே சொல்கிறேன். கோமதி அம்மா, ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பூச்சியை வைத்து நசுக்கிப் பாருங்கள். மஞ்சளாகக் கறை பட்டால் அது பப்பாளி மாவுப்பூச்சி. சிவப்பாகப் பட்டால் வேறு இனம். மஞ்சளாக இருந்தால் எந்த மருந்தும் அடிக்காதீர்கள்.
காரணம் சொல்கிறேன். இந்தப் பூச்சிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. 2008-ல் கோயம்புத்தூரில் கண்டுபிடித்தார்கள். இரண்டே வருஷத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் நாசம். நம் பக்கம் பட்டுப்புழுவுக்கு இலை இல்லாமல் பலர் தோட்டத்தையே அழித்தார்கள். மருந்தால் ஆகவில்லை, மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் ஒட்டாது. அதன் சொந்த ஊரில் மட்டும் அது ஏன் இப்படி அட்டகாசம் செய்வதில்லை? அங்கே அதற்கு ஒரு எதிரி உண்டு. எறும்பை விடச் சின்னக் குளவி. அதை 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி, இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று, முதுகில் ஓட்டை போட்டு வெளியே வரும். மருந்து அடித்தால் முதலில் சாகிறது அந்தக் குளவிதான்.

மளிகை மாமா, 8:33
போர்ட்டோ ரிக்கோ எந்த நாடு சார்?

ஹெச்.எம். சார், 8:34
அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு. அமெரிக்க விவசாயத் துறைதான் அனுப்பிக் கொடுத்தது.

நான், 8:34
ரமேஷ், உன் சபதம்?

மாடி வீட்டு ரமேஷ், 8:41
குளவி பொருள் இல்லை, உயிர்.

உரக்கடை அண்ணன், 8:44
சார் சொல்வது சரிதான். மருந்து விற்கிற நானே சொல்கிறேன். பிறகு 2020-ல் மரவள்ளிக்கென்றே இன்னொரு மாவுப்பூச்சி வந்தது. எங்கள் பங்காளிக்கு தர்மபுரி பக்கம் மூன்று ஏக்கர், கிழங்கு விரல் தடிமன்கூட வைக்கவில்லை. அதற்கும் ஒரு குளவி ஆப்பிரிக்காவிலிருந்து.

ஹெச்.எம். சார், 8:47
பெனின் நாட்டிலிருந்து. 2022-ல் சேலம் ஏத்தாப்பூரில் முதலில் விட்டார்கள். பெனின்காரர்களுக்கும் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வாங்கி வைத்திருந்து நமக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிற மாதிரி.

துபாய் தம்பி, 8:58
எல்லோருக்கும் வணக்கம். இங்கே பால்கனியில் கறிவேப்பிலை இரண்டு வருஷமாக மூன்றே கொப்புதான். வெயில் 45. குளவி இருந்தால் பார்சல் அனுப்புங்கள்.

கோமதி அக்கா, 9:00
புளித்த மோரை இரண்டு பங்கு தண்ணீர் விட்டு வேரில் ஊற்று தம்பி. நுனியைக் கிள்ளிக்கொண்டே இரு, பக்கத்தில் கொப்பு விடும்.

துபாய் தம்பி, 9:03
சரிக்கா. போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் நம் ஊர் மாங்கூழ் டின் பார்த்தேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

மளிகை மாமா, 9:10
டின்னைப் பார்த்து நீ அழுதாய், தோப்பைப் பார்த்து நாங்கள் அழுதோம். 2025 சீசனில் என் மச்சான் தோப்பில் பெங்களூரா மாங்காயைக் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிகூலிக்கே தேறாது என்று பாதியை மரத்திலேயே விட்டான். காய் விழுகிற சத்தம் ராத்திரியெல்லாம் கேட்கும். கேட்டால் கூழே தேங்கிக் கிடக்கிறது, கப்பல் வாடகை ஏறிவிட்டது என்றார்கள்.

மாடி வீட்டு ரமேஷ், 9:14
செங்கடலில் 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதிகள் கப்பலைத் தாக்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போனது. நாள் கூட, டீசல் கூட. அந்தக் கணக்கெல்லாம் கடைசியில் உங்கள் மச்சான் தலையில்.

உரக்கடை அண்ணன், 9:20
உரமும் அப்படித்தான். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், மீதியை அரசாங்கம் கட்டுகிறது. ஆனால் பொட்டாஷ் முழுக்க வெளிநாடு. நீங்கள் மாடியில் கரைத்து ஊற்றுகிறீர்களே ஆல் 19 என்கிற கலப்பு உரம், அதில் பெரும்பகுதி சீனச் சரக்கு. அங்கே ஒரு ஆபீசர் கையெழுத்துப் போடாவிட்டால் என் கடை அலமாரி காலி.

மாடி வீட்டு ரமேஷ், 9:22
அதனால்தான் சொல்கிறேன், ரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தவேண்டும். மண்புழு உரம், பஞ்சகவ்யம் போதும். இரண்டு வருஷமாக என் மாடியில் நாற்பது பையும் அப்படித்தான்.

உரக்கடை அண்ணன், 9:27
நாற்பது பைக்கு முடியும் தம்பி. நாட்டுக்கு? இலங்கையில் 2021-ல் அதைத்தான் செய்தார்கள். ஒரே உத்தரவு, ரசாயன உரம் இறக்குமதி கிடையாது. நெல் விழுந்தது, தேயிலை விழுந்தது. நவம்பரிலேயே உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஜூலையில் அதிபர் கோத்தபய நாட்டை விட்டே ஓடினார்.

ஹெச்.எம். சார், 9:33
உரம் மட்டும் காரணம் இல்லை. டாலர் கையிருப்பே இல்லை, கடன் கழுத்தை நெரித்தது. உரத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லாததற்கு இயற்கை விவசாயம் என்று பெயர் வைத்தார்கள் என்பது என் கருத்து. ரமேஷ் தம்பி மனம் நோகவேண்டாம், கியூபாவைப் பார். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. எண்ணெய் இல்லை, உரம் இல்லை, டிராக்டர் ஓடவில்லை. ஹவானா நகரத்தில் காலி மனையெல்லாம் பாத்தி கட்டிக் கீரையும் காயும் போட்டார்கள். அதுவும் வேறு வழியில்லாமல்தான். ஆனால் செய்துகாட்டினார்கள்.

நான், 9:35
சார், இதுவரை அரசியல் செய்தி அதிகம் போட்டவர் நீங்கள்தான். எண்ணிவிட்டேன்.

ஹெச்.எம். சார், 9:36
பாத்தி கட்டுவது தோட்டம்.

தனம் பாட்டி, 9:52
(குரல் பதிவு, 1 நிமிடம் 40 வினாடி. பாட்டிக்கு டைப் அடிக்க வராது. கேட்டு எழுதியிருக்கிறேன்.)
எல்லோரும் பேசுவதைப் பேத்தி படித்துக் காட்டினாள். பாகிஸ்தான் சண்டை வந்த வருஷம் எனக்குப் பதினோரு வயது. 65-ல். வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று சாஸ்திரி சொன்னார் என்று அப்பா வந்து சொன்னார். தன் வீட்டுப் புல்தரையையே அவர் உழுது போட்டாராம். எங்கள் வீட்டில் அதற்கு முன்னாலேயே வாரத்தில் இரண்டு ராத்திரி அடுப்பு எரியாது. அவர் சொன்ன பிறகு அதற்கு ஒரு மரியாதை வந்தது. அம்மா கொல்லையில் அவரைப் பந்தல் போட்டாள். அப்புறம், கோமதி, செடியில் எறும்பு ஊர்கிறதா பார். எறும்புதான் அதுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொப்புக்குக் கொப்பு குடி வைக்கும். தண்டைச் சுற்றித் துணி கட்டி, கிரீஸ் தடவு. எறும்பை நிறுத்தாமல் அமெரிக்காவைப் பேசி என்ன பிரயோஜனம்?

(இதற்கு யாரும் பதில் போடவில்லை. பதினோரு பேர் கும்பிட்டிருந்தார்கள்.)

கோமதி அக்கா, 17:40
(படம்)
தாளில் மஞ்சள். எறும்பு வரிசையாகப் போகிறது, பாட்டி சொன்னது சரி. பழைய புடவைக் கிழிசலைக் கட்டி, கேட்டுக்கு வாங்கிய கிரீஸைத் தடவிவிட்டேன். மருந்து அடிக்கவில்லை.

ஹெச்.எம். சார், 17:42
நல்லது. ரொம்ப அடர்ந்த கொப்பை மட்டும் வெட்டி, தூரப் போடாமல் செடிக்கடியிலேயே போடுங்கள். அதிலும் குளவி இருக்கலாம்.

உரக்கடை அண்ணன், 17:50
என் வியாபாரம் போச்சு.

(அதற்குப் பிறகு எட்டு நாள் கல்யாணம், கரண்ட் கட், காணாமல் போன பூனை. அடுத்த திங்கட்கிழமை காலையில் இது வந்தது.)

கோமதி அக்கா, 6:38
(படம்)
சார், இதுதானா? உப்பிப் போய் பழுப்பாக இருக்கிறது. ஊசி குத்தினாற்போல் முதுகில் ஓட்டை. இந்தக் கொப்பில் மட்டும் ஏழு எண்ணினேன்.

ஹெச்.எம். சார், 6:40
அதேதான்! குளவி வெளியேறிய கூடு. பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

மளிகை மாமா, 6:41
வந்துவிட்டாரா அமெரிக்கக்காரர்? விசா கேட்டீர்களா?

ஹெச்.எம். சார், 6:41
அரசியல் வேண்டாம்.

மாடி வீட்டு ரமேஷ், 6:44
தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கடைசி வீடு வரைக்கும் வரட்டும், யாரும் மோட்டார் போட்டு இழுக்காதீர்கள்.