இரண்டாவது ரூட்டருக்கு வழிவிட என்ஏடி (முகவரி மாற்றம்) போதுமா?

கோத்தகிரித் தளிர்:
எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் வலையைக் காக்கும் ஃபயர்வால் 192.168.1.1. எதிர்ச்சரிவில் உள்ள பசுந்தேயிலை கொள்முதல் நிலையத்துக்கு வயர்லெஸ் இணைப்பு உண்டு. இந்தப் பக்கத்து ரூட்டர் 192.168.1.2, அதற்கு அப்பால் இருப்பது நிலையத்தின் வலை, 192.168.20.0/24. அங்கே போவதெல்லாம் 1.2 வழியாகப் போகட்டும் என்று ஃபயர்வாலில் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிய வழி) சேர்த்துவிட்டேன். பிங் (இணைப்புச் சோதனை) ஒழுங்காகப் போகிறது. ஆனால் எடைக் கணக்கு மென்பொருள் திறந்த அரை நிமிடத்தில் துண்டித்துக்கொள்கிறது. எங்கே கோளாறு?

உதகை மேடு:
முதலில் வயர்லெஸ் பாதையைப் பாருங்கள். நனைந்த சில்வர் ஓக் கிளை குறுக்கே நின்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தேய்ந்துவிடும்.

குன்னூர்ச் சரிவு:
கிளை காரணமென்றால் பிங்கும் விட்டுவிட்டு வரும். கோளாறு திரும்பும் பாதையில் இருக்கிறது. அலுவலகக் கணினி அனுப்பும் பாக்கெட் ஃபயர்வாலுக்குப் போய் 1.2-க்குத் திரும்புகிறது. பதிலோ ஃபயர்வாலைத் தொடாமல் 1.2-இலிருந்து நேராகக் கணினிக்கு வருகிறது. இரண்டும் ஒரே வலையில்தானே இருக்கின்றன! உரையாடலில் பாதியை மட்டும் கேட்கும் ஃபயர்வால், டிசிபி இணைப்பு முழுமையடையவில்லை என்று முடிவு செய்து அதை வெட்டிவிடுகிறது. 1.2-ஐ ஃபயர்வாலின் தனி போர்ட்டுக்கு (கேபிள் செருகும் வாய்) மாற்றி, நடுவில் 10.10.10.0/30 என்ற சிறு வலையைக் கொடுங்கள். போவதும் வருவதும் ஒரே வாசல் வழியாக நடக்கும்.

உதகை மேடு:
கொள்முதல் நேரத்தில் கேபிளைப் பிடுங்கச் சொல்கிறீர்களா? ஒரே ஒரு என்ஏடி விதி போதும். 20-ஆம் வலைக்குப் போகும் பாக்கெட்டுகளின் அனுப்புநர் முகவரியை 1.1 என்று மாற்றினால் பதில் தானாக ஃபயர்வாலுக்கே வரும்.

குன்னூர்ச் சரிவு:
வரும், மறுக்கவில்லை. ஆனால் நிலையத்துக் கணினி அலுவலகத்தைத் தொடர்புகொள்ளும்போது உங்கள் விதி உதவாது. அந்தத் திசையில் பழைய கோளாறு அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய குறை, நிலையத்தின் பதிவேட்டில் எல்லா அணுகலும் 1.1 என்றே விழும். நாளை ஓர் எடை திருத்தப்பட்டிருந்தால், எந்தக் கணினியிலிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அந்த எடையை வைத்துத்தான் சிறு விவசாயிக்குப் பணம் போகிறது. அவருடைய கணக்கை இப்படி மங்கலாக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உதகை மேடு:
பதிவேடு பற்றிச் சொன்னது நியாயம். அப்படியானால் கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபியின் 121-ஆவது விருப்பத்தைப் பயன்படுத்தி, 20-ஆம் வலைக்கு 1.2 வழியாக நேரே போகும்படி கணினிகளுக்கே சொல்லிவிடலாம். 2002-இலிருந்து இருக்கும் தரநிலைதான். கேபிளையும் தொட வேண்டாம்.

குன்னூர்ச் சரிவு:
அப்போது ஃபயர்வால் எதைக் காக்கிறது? இரண்டு வலைகளும் அதைச் சுற்றிக்கொண்டு பேசும். கையால் முகவரி போட்ட பிரிண்டருக்கு இந்த விருப்பம் போய்ச் சேரவும் சேராது.

கோத்தகிரித் தளிர்:
ஃபயர்வாலில் ஒரு போர்ட் காலியாக இருக்கிறது. கொள்முதல் முடிந்த பிறகு, இன்று மாலையே மாற்றிவிடுகிறேன். ரூட்டை மட்டும் திருத்தினால் போதுமா?

குன்னூர்ச் சரிவு:
போதாது. ஃபயர்வால் ரூட்டில் அடுத்த முகவரி 10.10.10.2, ரூட்டரின் இயல்பு வழி 10.10.10.1. பல ஃபயர்வால்களில் புதிய போர்ட் எதையும் உள்ளே விடாது. எடை மென்பொருள் பேசும் போர்ட் எண்ணுக்கு (இது கேபிள் வாய் அல்ல) மட்டும் அனுமதி கொடுங்கள்.

உதகை மேடு:
மாலை வரை என் என்ஏடி விதியைப் போட்டு வையுங்கள். எடை போட வந்தவர்கள் காத்து நிற்கக் கூடாது.